முதலில் மேசை, பிறகு விருது

ஓவியப் பொருட்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்துபவரின் கேள்வி இது. அக்கம்பக்கத்தில் வரைபவர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்க விரும்புகிறார். கடையிலேயே சில நிகழ்ச்சிகளும் நடத்த ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது, எந்த இடத்தில் சறுக்கும் என்று கேட்கிறார். அப்படிப்பட்ட கடையின் கல்லாவுக்குப் பின்னால் நானும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பிறகு சில போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விருதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஆண்டு கடைக்குள் ஒரு மேசை போடுங்கள். நான்கைந்து பேர் உட்காரும் அளவு இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், அதே நேரம், இரண்டு மணி நேரம் அந்த மேசை வரைபவர்களுக்கு என்று அறிவித்துவிடுங்கள். ஒருவர்கூட வராத வாரங்கள் இருக்கும். அன்றும் மேசையைத் துடைத்து, தண்ணீர்க் குவளைகளை வைத்துக் காத்திருங்கள். நாள் மாறாமல் இருப்பதுதான் இதில் பாதி வேலை. "இந்த வாரம் உண்டா?" என்று ஒருவர் கேட்டு வர வேண்டிய நிலை வந்துவிட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும்.

உங்கள் கடையில் அந்த மேசைக்கு ஒரு விதை ஏற்கெனவே கிடக்கிறது. மார்க்கர், பேனா அடுக்குக்குப் பக்கத்தில், வாங்குவதற்கு முன் கிறுக்கிப் பார்க்க ஒரு துண்டுத் தாள் வைத்திருப்பீர்கள். அதை ஒரு நாள் எடுத்து உற்றுப் பாருங்கள். சுருள் சுருளாகக் கோடுகள், பாதிக் கையெழுத்துகள், அவரவர் பெயர். நடுவில் யாரோ ஒருவர் பூனையின் முதுகை மட்டும் ஒரே இழுப்பில் வரைந்திருப்பார். அடுத்து வந்தவர் அதற்குப் பச்சை மையில் வால் வைத்திருப்பார். மூன்றாமவர் அந்த வாலின் நுனியில் ஒரு பறவையை உட்கார வைத்திருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மூன்று பேர் சேர்ந்து வரைந்த படம் அது. நாங்கள் ஒரு கட்டத்தில் அந்தத் துண்டுத் தாளை எடுத்துவிட்டு, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நல்ல நீர்வண்ணத் தாள் ஒன்றை விரித்து வைத்தோம். வாரக் கடைசியில் தேதி போட்டுச் சுவரில் மாட்டினோம். தாங்கள் கிறுக்கியது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு ஆட்கள் திரும்பி வந்தார்கள். விருது, கண்காட்சி என்று எதைச் செய்தாலும் இந்தத் தேடலுக்கு மரியாதை செய்வதாக அது இருக்க வேண்டும் என்பது அன்று முதல் என் கருத்து.

வண்ணக் கடை என்பது பொருள் விற்கும் இடம் மட்டும்தானா என்று யாராவது கேட்டால், பாரிஸ் நகரத்து ஜூலியன் டாங்கியைச் சொல்லலாம். 1825இல் பிறந்தவர். வண்ணம் அரைக்கும் தொழிலாளியாக இருந்து, மோன்மார்த்ர் பகுதியில் சிறு கடை வைத்தவர். காசில்லாத ஓவியர்களுக்கு வண்ணக் குழாய்களைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களின் படங்களை வாங்கிக்கொள்வார். பால் செசானின் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பல ஆண்டுகள் டாங்கியின் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. செசானுக்குத் தனிக் கண்காட்சி என்று ஒன்று அமைந்ததே 1895இல்தான். டாங்கி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். வான் கோ அவரை மூன்று முறை வரைந்திருக்கிறார். 1887இல் வரைந்த படத்தில், சுவர் நிறைய ஜப்பானிய அச்சுப் படங்கள் தொங்க, தொப்பியோடு கைகோத்து அமர்ந்திருப்பார். டாங்கி யாருக்கும் பதக்கம் கொடுத்ததில்லை. வரைபவர்களின் வேலையை நெருங்கி நின்று பார்த்தார். பிறர் பார்ப்பதற்கும் இடம் கொடுத்தார்.

கடைக்காரருக்கு இருக்கும் ஓர் அறிவு கலைக்கூடங்களுக்கு இல்லை. ஒருவர் இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அதே நீலத்தை வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தூரிகையின் முடி பிய்ந்துபோகும்வரை தேய்க்கிறவர் யார், ஆறு மாதம் வராமலிருந்து மறுபடி ஒரே ஒரு பென்சிலோடு தொடங்கியவர் யார், தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் நிற்கும் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் யார் என்பதெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்தாலே தெரியும். உங்கள் விருது இந்த அறிவிலிருந்து பிறக்கட்டும். பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசைச் சிறிய அளவில் நகலெடுப்பதில் ஊருக்கோ கடைக்கோ பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நிகழ்ச்சிகளைப் பற்றி. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வைக்கும் நிகழ்ச்சிகளே அதிக நாள் நிற்கின்றன என்பது என் அனுபவம். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வண்ணம் அரைத்துப் பார்ப்பது. தடித்த கண்ணாடிப் பலகை ஒன்று, அடி தட்டையான கண்ணாடிக் குழவி ஒன்று, அல்ட்ராமரீன் என்னும் அடர்நீல நிறமித் தூள், கம் அராபிக் என்னும் பிசின் கரைசல், ஒரு துளி தேன். தூளைக் குவித்து நடுவில் குழி செய்து கரைசலை ஊற்றி, குழவியால் எட்டு வடிவத்தில் மெதுவாக அரைக்க வேண்டும். தொடக்கத்தில் மணலை மிதிப்பதுபோல் நறநறவென்று ஓசை வரும். கால் மணி நேரத்தில் அந்த ஓசை தேய்ந்து, குழவி கண்ணாடியோடு லேசாக ஒட்டி இழுக்கும். அந்த நொடியில் சுற்றி நிற்பவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். பலமுறை பார்த்திருக்கிறேன். பறக்கும் தூள் மூச்சில் போகாமலிருக்க முகக்கவசம் போடச் சொல்லுங்கள். காட்மியம், ஈயம், கோபால்ட் கலந்த நச்சு நிறமிகளை இந்த மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம். மண் நிறங்களும் அல்ட்ராமரீனும் போதும்.

அந்த நீலத்துக்கே ஒரு பரிசுக் கதை இருக்கிறது. லாபிஸ் லசூலி கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரீன், பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய நிறமாக இருந்தது. அதைச் செயற்கையாக, மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று பிரான்ஸின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824இல் அறிவித்தது. 1828இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். இன்று பள்ளி மாணவரின் பெட்டியிலும் அந்த நீலம் இருக்கிறது. தெளிவான ஒரு தேவையைச் சொல்லி அதற்குக் கொடுத்த பரிசு அது. உங்கள் விருதும் எதற்காக என்பதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

செலவே இல்லாமல் நடத்தக்கூடிய இன்னொன்று, சிறு ஓவிய அட்டைப் பரிமாற்றம். 1997இல் சூரிக் நகரத்தில் வான்சி ஸ்டிர்னமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த வழக்கம். அட்டையின் அளவு 64க்கு 89 மில்லிமீட்டர், அதாவது சீட்டுக்கட்டு அட்டை அளவு. நேரில் சந்தித்து மாற்றிக்கொள்ள வேண்டும், விற்கக் கூடாது என்பதுதான் விதி. வெட்டி மிஞ்சிய தாள் துண்டுகள் உங்கள் கடையில் கட்டாயம் இருக்கும்; அவற்றையே இந்த அளவுக்கு நறுக்கி வையுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த அளவு பெரிய வரம். இவ்வளவு சிறிய தாளில் தோற்றுவிடுவோம் என்று யாரும் பயப்படுவதில்லை. தெருவில் இறங்கிக் கூட்டாக வரைவதும் நல்ல பழக்கம். சியாட்டலைச் சேர்ந்த பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம், இருக்கிற இடத்தை நேரில் பார்த்து வரைவது என்ற ஒரே நிபந்தனையோடு பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. வரைந்து முடித்தவுடன் எல்லோருடைய புத்தகங்களையும் தரையில் வரிசையாக விரித்து வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

இனி விருது. குழந்தைகளுக்கான விருதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை உண்டு, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் போட்டிக்கு நடுவராக இருந்தேன். வழக்கமான முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு. அதில் கலந்துகொண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வாரந்தோறும் வந்து பூச்சிகளை வரைகிறவள். வண்டின் ஆறு கால்களும் உடலின் எந்தப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்து, மூட்டு மூட்டாக வரைவாள். அவளுக்குப் பரிசில்லை. உருண்டையான பூமி, அதைத் தாங்கும் இரண்டு கைகள், மேலே வானவில் என்று வரைந்திருந்த படத்துக்குப் பரிசு கொடுத்தோம். அடுத்த ஆண்டு அவள் கொண்டுவந்த படத்தில் பூமி இருந்தது, இரண்டு கைகள் இருந்தன, வானவில்லும் இருந்தது. அந்தப் படத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை. வண்டை அவளிடமிருந்து பிடுங்கியவர்கள் நடுவர்களாகிய நாங்கள்தான்.

இதை அறிவியல் முறையில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அது. வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, அவர்கள் பாட்டுக்கு விளையாடும் நேரத்தில் மார்க்கர்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆகவே குழந்தைகளுக்குப் போட்டி அறிவிக்காதீர்கள். கண்காட்சி வையுங்கள், கொண்டுவந்த படங்கள் எல்லாவற்றையும் மாட்டுங்கள். கடைசி நாளன்று சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல பென்சிலையோ ஒரு தாளையோ கொடுங்கள். ஜப்பானில் யமமோட்டோ கனாயே என்ற ஓவியர், மாதிரிப் படங்களைப் பார்த்து நகலெடுக்கும் பள்ளிப் பாடத்தை எதிர்த்து, குழந்தைகள் தாங்கள் கண்டதை வரைந்த படங்களுக்கு 1919இல் கண்காட்சி நடத்தினார். அந்தச் சுதந்திர ஓவிய இயக்கத்தின் தாக்கத்தில்தான் சகுரா என்ற வண்ணப் பொருள் நிறுவனம் 1925இல் எண்ணெய் கலந்த வண்ணக் குச்சியான ஆயில் பேஸ்டலைக் கொண்டுவந்தது. ஒரு கண்காட்சி கடை அடுக்குவரை வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

பெரியவர்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு அங்கீகாரம் தேவைப்படுகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரம் திருடி வரைகிறவர்களுக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆனால் நடுவர் குழுக்களின் வரலாறு பெருமைப்படும்படி இல்லை. 1863இல் பாரிஸ் சலோன் என்ற அரசு ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் நிராகரித்த படங்கள் அவ்வளவு இருந்ததால், எழுந்த கூச்சலைப் பார்த்து பேரரசர் மூன்றாம் நெப்போலியனே நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கண்காட்சி வைக்க உத்தரவிட வேண்டியதாயிற்று. எதுவார் மானேயின் புல்வெளி விருந்துப் படத்தை மக்கள் கண்டது அங்கேதான். 1884இல் சேரா, சிஞ்ஞாக் போன்ற ஓவியர்கள் நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்ற கொள்கையோடு தனிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். உங்கள் கடையிலும் அப்படி நடுவரில்லாத ஒரு சுவர் இருக்கட்டும். எவர் கொண்டுவந்தாலும் மாட்டும் சுவர். விருது அதற்குப் பக்கத்தில் நடக்கட்டும்.

நடுவர்கள் மூன்று பேர் போதும். ஒருவர் ஓவியர், ஒருவர் குயவரோ தையற்கலைஞரோ மாதிரி வேறொரு கைத்தொழில் தெரிந்தவர், ஒருவர் வரையத் தெரியாமல் பார்க்கத் தெரிந்தவர். நீங்கள் நடுவராக இருக்க வேண்டாம். உங்களிடம் வாங்குகிறவருக்குத்தான் கொடுத்தீர்கள் என்ற பேச்சு ஒரே நாளில் கிளம்பும். படத்தின் முன்பக்கம் பெயர் தெரியக் கூடாது, எண் மட்டும் இருக்கட்டும். மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கும் முறையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு படத்துக்கு மூவரும் ஏழு ஏழாகக் கொடுத்தால் 21. இன்னொன்று ஒருவரை உலுக்கிவிட்டது, அவர் பத்து கொடுக்கிறார். மற்ற இருவர் ஆறும் நான்கும் கொடுக்கிறார்கள், மொத்தம் 20. யாரையும் உலுக்காத படம் வென்றுவிடுகிறது! இதற்குப் பதிலாக, முதல் அரை மணி நேரம் மூவரும் ஒருவரோடொருவர் பேசாமல் சுற்றி வரட்டும். தம்மால் விட்டுவிட முடியாத மூன்று படங்களின் அருகில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கட்டும். பிறகு உட்கார்ந்து, அவரவர் வைத்த சீட்டுக்காக வாதாடட்டும். இதில் நேரம் அதிகம் பிடிக்கும், சச்சரவும் வரும். வரட்டும்.

எதற்கு விருது? என்னைக் கேட்டால் மூன்று சொல்வேன்: ஓர் ஆண்டு முழுவதும் நிரப்பிய ஸ்கெட்ச் புத்தகத்துக்கு ஒன்று, ஒரு பொருளின் இயல்பை நன்றாக அறிந்து கையாண்ட படைப்புக்கு ஒன்று, பிறருக்குக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு ஒன்று. முதலாவதன் அருமையை எனக்குக் காட்டியது ஒரு சுருள்கம்பிப் புத்தகம். அதில் ஒரே பழைய நாற்காலி 61 முறை வரையப்பட்டிருந்தது. முதல் பக்கங்களில் நான்கு கால்களும் தரையில் பாவவே இல்லை. இருபதாவது பக்கத்துக்கு மேல் நாற்காலி உட்கார்ந்துவிட்டது. நாற்பதை நெருங்கும்போது நாற்காலியே காணாமல் போய், சுவரில் விழுந்த அதன் நிழல் மட்டும் இருந்தது. தனியாக எடுத்தால் அந்த 61 படங்களில் ஒன்றுகூடச் சட்டம் போட்டு மாட்டும் தரத்தில் இல்லை. ஆனால் ஒருவர் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் வாங்கிய பொருளால்தான் வரைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டவே வேண்டாம். அது விருதை விளம்பரமாக்கிவிடும். கடை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கலந்துகொள்ளக் கூடாது. படத்தின் உரிமை வரைந்தவருக்கே; புகைப்படம் எடுத்து வெளியிட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், சிறுவர் என்றால் பெற்றோரிடம். பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் படிவத்தில் அதைச் சொல்ல ஓர் இடம் விடுங்கள். படத்தைப் பெற்றதற்கு ரசீது கொடுங்கள். பரிசாகப் பொருள் கொடுப்பதானால், அடுக்கிலிருந்து அவரே எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். நீர்வண்ணத்தில் வரைகிறவருக்கு ஆயில் பெயிண்ட் பெட்டியைக் கொடுத்தால் அது பரணில்தான் கிடக்கும்.

வென்ற படங்களைக் கடையின் முகப்புக் கண்ணாடியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெயில் விழும் கண்ணாடி என்றால் வைக்காதீர்கள். வான் கோ 1888இல் வரைந்த தன் படுக்கையறையின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் தீட்டியபோது அவை ஊதா. ஊதாவில் இருந்த சிவப்பு மங்கிப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. பழைய வகை அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு, ஒளிரும் நியான் வண்ணங்கள், சாய மை அடைத்த மார்க்கர்கள் எல்லாம் நேர் வெயிலில் சில வாரங்களிலேயே வெளுக்கத் தொடங்கிவிடும். ஒரு சோதனை செய்து காட்டினால் அதுவே நல்ல நிகழ்ச்சியாகிவிடும்: கடையில் உள்ள வண்ணங்களை ஒரு நீளத் தாளில் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி வெயில்படும் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எல்லோர் முன்னிலையிலும் உரியுங்கள். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஒளித்தாங்குதிறன் குறியை அதன் பிறகு ஒருவரும் படிக்காமல் வாங்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் வற்புறுத்துவது ஒன்று. பரிசு பெறாத ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய இரண்டு வரி போக வேண்டும். "பங்கேற்றதற்கு நன்றி" என்று அச்சடித்த சீட்டு எதற்கும் உதவாது. "மூன்றாவது ஜன்னலின் கண்ணாடியில் மட்டும் வானத்தைப் பிரதிபலிக்கவிட்டிருக்கிறீர்கள், அங்கேயே நெடுநேரம் நின்றேன்" என்பதுபோல், அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரால் எழுதவே முடியாத வரியாக அது இருக்க வேண்டும். அறுபது படங்கள் வந்தால் ஒரு நடுவருக்கு இருபது. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் நூறு நிமிடம். அந்த நூறு நிமிடத்தைக் கொடுக்கச் சம்மதிப்பவரை மட்டும் நடுவராகக் கூப்பிடுங்கள்.

படங்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளை, பரிசளிப்பு நாளைவிடக் கவனமாக நடத்துங்கள். மேசையை இழுத்துப் போட்டு, ஒவ்வொருவரும் வரும்போது அவர் படத்தை எடுத்து மேசைமேல் கிடத்தி, அந்த இரண்டு வரியைக் கையில் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்று படிப்பார்கள். சிலர் படத்தை வெளிச்சத்தில் திருப்பி, சொல்லப்பட்ட அந்த ஜன்னலைத் தாங்களும் ஒருமுறை பார்ப்பார்கள். அப்போது குறுக்கே பேசாதீர்கள். பார்த்து முடித்ததும், அடுத்த வாரம் மேசை எத்தனை மணிக்கு என்று அவர்களே கேட்பார்கள்.